டார் கட்டளையை நம்பலாமா? டிஸ்க் செத்த பிறகு எழுதும் விமர்சனம்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை கம்ப்யூட்டரைப் போட்டால், பூட் செய்ய டிஸ்க் எதுவும் இல்லை என்று கருப்புத் திரையில் ஒரே ஒரு வரி வந்து நின்றது. 480 ஜிபி எஸ்எஸ்டி, ஐந்து வருடம் உழைத்தது, ஒரு முனகல் கூட இல்லாமல் போய்விட்டது. கேபிளை மாற்றினேன், வேறு மெஷினில் செருகிப் பார்த்தேன், பயாஸில் அதன் பெயர் கூடத் தெரியவில்லை. வீட்டிலிருந்தே நூல்களுக்குப் பக்க வடிவமைப்பு செய்து தருவதுதான் என் தொழில், அன்று மாலைக்குள் 312 பக்க நூல் ஒன்றின் கடைசி மெய்ப்பு அச்சகத்துக்குப் போயாக வேண்டும். மதியம் ஒன்றரை மணிக்குப் புது டிஸ்கில் அதே டெபியன் லினக்ஸ், அதே எழுத்துருக்கள், முந்தின நாள் இரவு நான் மூடிய அதே பக்கம் திறந்தது. இடையில் நடந்தது முழுக்க டார் என்கிற பழைய கட்டளையின் வேலை. ஒன்பது வருடமாக அதை வைத்துத்தான் பேக்கப் எடுக்கிறேன், அதில் எது நன்றாக இருக்கிறது, எது கழுத்தை அறுக்கும் என்று எழுதி வைத்தால் யாருக்காவது உதவும்.

டார் 1979-இல் யூனிக்ஸின் 7-ஆம் பதிப்போடு வந்தது. காந்த நாடாவில் எழுதுவதற்காகச் செய்தது, பெயரே டேப் ஆர்க்கைவ் என்பதன் சுருக்கம். அந்தக் கால வழக்கப்படி எல்லாவற்றையும் 512 பைட் துண்டுகளாகத்தான் இன்றும் அடுக்குகிறது. லினக்ஸில் நாம் பயன்படுத்துவது குனூ திட்டத்தின் டார், இலவசம், எந்த லினக்ஸிலும் ஏற்கெனவே இருக்கும். மேக்கிலும் உண்டு, விண்டோஸ் 10-இல் 2018 முதல் கட்டளைத் திரையில் டார் என்று அடித்தால் வேலை செய்கிறது. அது செய்வது ஒன்றே ஒன்று: கோப்புகளை மூட்டை கட்டுவது. அளவு குறையும்படி அமுக்குவது அதன் வேலை இல்லை, அதற்கு ஜிஜிப் போன்ற நிரல்களைத் துணைக்குக் கூப்பிடும். மூட்டைக்குள் ஒவ்வொரு கோப்புக்கு முன்னாலும் ஒரு தலைப்புத் துண்டு இருக்கும், அதில் பெயர், அளவு, யாருடையது, யார் படிக்கலாம், எப்போது மாறியது எல்லாம் பதிவாகிவிடும்.

இந்தத் தலைப்புத் துண்டுதான் விஷயமே. கடையில் வாங்கும் வெளி ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் என்ற விண்டோஸ் வகை ஃபார்மேட்டில்தான் வரும். லினக்ஸ் சிஸ்டத்தை அப்படியே அதில் இழுத்துப் போட்டால் கோப்புகள் போய்ச் சேரும், ஆனால் உரிமையாளர், அனுமதி, சிம்பாலிக் லிங்க் (வேறு கோப்பைச் சுட்டும் குறுக்குவழி) எல்லாம் சிதைந்துவிடும், அதைத் திருப்பிப் போட்டால் சிஸ்டம் எழுந்து நிற்காது. டாரில் கட்டினால் இத்தனையும் மூட்டைக்குள் பத்திரமாக இருக்கும், மூட்டை எந்த டிஸ்கில் கிடந்தாலும் கவலை இல்லை. சிஸ்டம் பேக்கப்புக்கு டாரை நான் பிடித்துக்கொண்டிருப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

என் கட்டளை நீளமானது இல்லை. ரூட்டாக (எல்லா அதிகாரமும் உள்ள பயனராக) நின்றுகொண்டு சி (மூட்டை கட்டு), பி (அனுமதிகளைக் காப்பாற்று), எஃப் (மூட்டையின் பெயர் இது) மூன்று எழுத்து, கூடவே ஒரே பார்ட்டிஷனுக்குள் நிற்கச் சொல்லும் ஒன்-ஃபைல்-சிஸ்டம், கூடுதல் அனுமதிகளையும் குறிப்புகளையும் சேர்க்கும் ஏசிஎல்ஸ், எக்ஸாட்டர்ஸ் என்ற மூன்று ஆப்ஷன். இதில் ஒன்-ஃபைல்-சிஸ்டம் எவ்வளவு முக்கியம் என்று தெரிய வேண்டுமானால் ப்ராக் கோப்புறைக்குள் போய் கேகோர் என்ற கோப்பின் அளவைப் பாருங்கள், 64 பிட் மெஷினில் 128 டெராபைட் என்று காட்டும். அது நிஜக் கோப்பே இல்லை, நினைவகத்தை லினக்ஸின் மையமான கெர்னல் காட்டுகிற ஜன்னல். ப்ராக், சிஸ், டெவ், ரன் இவற்றையெல்லாம் மூட்டையில் சேர்க்கக் கூடாது. நிறைய பேர் எக்ஸ்க்ளூட் போட்டு இவற்றைத் தள்ளிவிடச் சொல்வார்கள். அதில் ஒரு குழி இருக்கிறது: கோப்புறையின் பெயரையே எக்ஸ்க்ளூடில் கொடுத்தால் அந்தக் காலிக் கோப்புறையும் மூட்டைக்குள் வராது, மீட்டபின் கெர்னல் தன் ப்ராக்கை மாட்ட இடம் இல்லாமல் தவிக்கும், நீங்கள் கையால் உருவாக்க வேண்டி வரும். ஒன்-ஃபைல்-சிஸ்டம் போட்டால் உள்ளே இருப்பதை விட்டுவிட்டு காலிக் கோப்புறையை மட்டும் எடுத்துக்கொள்ளும், வேண்டியதும் அதுதான். ஆனால் ஹோம் தனிப் பார்ட்டிஷனில் இருந்தால் அதையும் சத்தமில்லாமல் விட்டுவிடும், பூட் கோப்புறைக்குள் இருக்கும், மெஷின் எழுந்திருக்கத் தேவையான இஎஃப்ஐ பார்ட்டிஷனையும் சேர்த்து. இது தெரியாமல் மூட்டை கட்டி வைத்திருப்பவர்கள் இன்றே ஒரு தடவை பட்டியலைப் பாருங்கள்.

அமுக்குவதற்கு எதை வைத்துக்கொள்வது என்பதில் எனக்கு இப்போது குழப்பம் இல்லை. என் சிஸ்டம் 21 ஜிபி. ஜிஜிப் போட்டால் கிட்டத்தட்ட 12 நிமிடம், மூட்டை 9.4 ஜிபி. எக்ஸ்இசட் போட்டால் 7.8 ஜிபிக்கு வந்துவிடும், ஆனால் ஒன்றரை மணி நேரம் மின்விசிறி அலறும். இசட்ஸ்டாண்டர்ட் ப்ராசஸரின் எல்லா கோர்களையும் பயன்படுத்தி மூன்றே நிமிடத்தில் 9.1 ஜிபிக்குக் கொண்டுவந்துவிட்டது. ஜிஜிப் 1992-இல் வந்தது, இசட்ஸ்டாண்டர்ட் யான் கோலே என்பவர் ஃபேஸ்புக்கில் இருந்தபோது எழுதியது, 2016-இல் அதன் 1.0 பதிப்பு வெளியானது, அந்த வயது வித்தியாசம் கண்ணுக்கே தெரிகிறது. குனூ டாரில் 2019-இல் வந்த 1.31 பதிப்பு முதல் இதற்கு நேரடி ஆப்ஷனே உண்டு. பிரிக்கும்போது எதனால் அமுக்கியது என்று நாம் சொல்ல வேண்டியதில்லை, அதுவே பார்த்துக்கொள்ளும். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட்டின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ பின்கதவு வைத்திருந்ததை மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச் லாகின் அரை நொடி தாமதமாவதைத் துரத்திப் போய்க் கண்டுபிடித்தாரே, அதற்காக நான் எக்ஸ்இசட்டை விடவில்லை, அதற்கு முன்பே நேரத்துக்காக விட்டுவிட்டேன். ஒன்று மட்டும், ஜேபெக் படங்களும் பிடிஎஃப்களும் எதில் போட்டாலும் பெரிதாக அமுங்காது, அவற்றுக்காக உயர்ந்த லெவல் வைத்து நேரத்தைக் கொடுக்காதீர்கள்.

சரி, அடி வாங்கிய கதைக்கு வருகிறேன். 2019-இல் ராத்திரி இரண்டு மணிக்கு, குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் க்ரான் வழியாக ஒரு 64 ஜிபி பென்டிரைவில் மூட்டை கட்டும்படி வைத்திருந்தேன். அந்த பென்டிரைவ் ஃபேட்32. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. மூட்டை 4 ஜிபியைத் தொட்டதும் டார் பிழை சொல்லி நின்றிருக்கிறது, ராத்திரி இரண்டு மணிக்கு அதைக் கேட்க யார் இருந்தார்கள், பதிவையும் நான் திறந்து பார்க்கவில்லை. ஏழு வாரம் இப்படியே போயிருக்கிறது. ஒரு நாள் தவறான கோப்புறையை அழித்துவிட்டு மூட்டையைப் பிரித்தால் பாதியில் எதிர்பாராமல் முடிந்துவிட்டது என்று நின்றது. எனக்கு வேண்டியது அந்தப் பாதிக்கு அப்பால் இருந்தது. 112 பக்கத்தைத் திரும்பவும் உட்கார்ந்து வடிவமைத்தேன். டார் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது, பிழையைச் சொல்லவும் சொன்னது. 2017 ஜனவரி 31-இல் கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்துக்கு நடந்ததும் இந்த வகைதான். தரவுத்தளக் கோப்புறை தவறுதலாக அழிந்துபோய் பேக்கப்பைத் தேடினால் பதிப்புப் பொருத்தமின்மையால் அது பல நாளாக எடுக்கப்படவே இல்லை, தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் டிமார்க் என்ற அனுப்புநர் சோதனையில் திருப்பி அனுப்பப்பட்டிருந்தன. கடைசியில் ஆறு மணி நேரத்துக்கு முந்தின ஸ்னாப்ஷாட் ஒன்று தற்செயலாக இருந்ததால் மிச்சம் தப்பித்தது. எவ்வளவு பெரிய இடம், அவர்களுக்கே அப்படி. இப்போது என் ஸ்கிரிப்ட், டார் முடிந்ததும் திரும்பிவரும் எண்ணைப் பார்க்கிறது. 0 என்றால் சுத்தம், 1 என்றால் படிக்கும்போதே ஏதோ கோப்பு மாறியிருக்கிறது, 2 என்றால் மூட்டையை நம்பாதே. 2 வந்தால் காலையில் திரையை மறைத்துக்கொண்டு சிவப்புப் பெட்டி ஒன்று நிற்கும்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும், இதை வேறு எங்கும் நான் படிக்கவில்லை, கையில் பட்டுத் தெரிந்துகொண்டேன். மீட்பு பென்டிரைவில் பூட் செய்து மூட்டையின் பட்டியலைக் கேட்டால் என் ‘கணக்கு’ கோப்புறை இருந்த இடத்தில் சாய்கோடு 340, சாய்கோடு 256, சாய்கோடு 225 என்று எண்களாகவே கொட்டியது. ஒரு நிமிடம் வயிறு கலங்கிவிட்டது, பெயரெல்லாம் போச்சு என்று. ஒன்றும் போகவில்லை. யூட்டிஎஃப்-8-இல் ‘க’ என்ற எழுத்து மூன்று பைட், அந்த மூன்று பைட்டைத்தான் எட்டை அடிமானமாகக் கொண்ட எண்ணில் காட்டுகிறது. மீட்பு சூழலில் மொழி அமைப்பு வெறும் சி என்று இருந்ததுதான் காரணம், யூட்டிஎஃப்-8-க்கு மாற்றியதும் பட்டியல் தமிழில் வந்தது. இன்னொன்று, பழைய யுஸ்டார் வடிவத்தில் கோப்பின் பெயருக்கு 100 பைட்தான் இடம், ஒரு தமிழ் எழுத்துக்கும் அதன் குறிக்கும் தனித்தனியாக மூன்று மூன்று பைட் போனால் ஒரு நீளமான நூல்பெயர் அதற்குள் அடங்காது. குனூ டாரின் சொந்த வடிவத்திலும் பாக்ஸ் வடிவத்திலும் இந்தத் தொல்லை இல்லை, அதனால் வடிவத்தை வேண்டுமென்றே யுஸ்டாருக்கு மாற்றாமல் இருந்தால் போதும்.

2019 அடிக்குப் பிறகு வருடத்துக்கு இரண்டு முறை ஒரு பழைய டிஸ்கில் மூட்டையை நிஜமாகவே பிரித்து பூட் செய்து பார்க்கிறேன். முதல் ஒத்திகையிலேயே பாடம் கிடைத்தது. எல்லாம் பிரிந்தது, பூட் ஆனது, ஆனால் லாகின் திரை வரவே இல்லை. ஒரு மணி நேரம் தேடின பிறகுதான் புரிந்தது: டார் பிரிக்கும்போது உரிமையாளரைப் பெயரை வைத்துத் தேடும். மீட்பு பென்டிரைவில் இருந்தது வேறு லினக்ஸ், அதிலும் லாகின் திரையைக் காட்டும் லைட்டிஎம் என்ற பெயரில் ஒரு பயனர் உண்டு, ஆனால் எண் வேறு. ஆக என் சிஸ்டத்தின் லைட்டிஎம் கோப்புகள் எல்லாம் வேறு எவனுக்கோ சொந்தமாகிவிட்டன. நியூமெரிக்-ஓனர் என்ற ஆப்ஷன் போட்டுப் பிரித்தால் பெயரைப் பார்க்காது, எண்ணை அப்படியே வைக்கும். வேறு பென்டிரைவிலிருந்து மீட்பவர்கள் இதை மறக்கவே கூடாது. அதே மாதிரி எக்ஸாட்டர்ஸ் போட்டுக் கட்டினால் மட்டும் போதாது, பிரிக்கும்போது எல்லா வகையையும் சேர்த்துக்கொள் என்று தனியாகச் சொல்லாவிட்டால் யூசர் என்று தொடங்கும் குறிப்புகளை மட்டும் போட்டுவிட்டு, சில நிரல்களோடு ஒட்டியிருக்கும் சிறப்பு அனுமதிகளை விட்டுவிடும்.

ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தை டாரில் கட்டாதீர்கள். பில் கணக்குக்கு மரியாடிபி என்ற தரவுத்தளம் வைத்திருக்கிறேன், அதன் கோப்புகள் கட்டக் கட்ட மாறிக்கொண்டே இருக்கும், தலை ஒரு நேரத்தது, வால் ஒரு நேரத்தது என்று ஆகிவிடும். முதலில் டம்ப் (தரவு முழுவதும் இறக்கிய தனிக் கோப்பு) எடுத்து அந்த டம்ப்பை மூட்டையில் சேர்க்கிறேன்.

வேலைக் கோப்புறை 64 ஜிபி, அதை தினமும் முழுதாகக் கட்ட முடியாது. லிஸ்டட்-இன்க்ரிமென்டல் என்ற ஆப்ஷன் இதற்கு இருக்கிறது. ஞாயிறு முழு மூட்டை, கூடவே எந்தக் கோப்பு எந்த நிலையில் இருந்தது என்று ஒரு குறிப்புக் கோப்பு, மற்ற நாள்களில் அந்தக் குறிப்பைப் பார்த்து மாறியதை மட்டும் கட்டும். மீட்கும்போது வரிசை மாறாமல் ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும், இடையில் நீங்கள் அழித்த கோப்புகளையும் அதுவே அழித்துவிடும், அதனால் இந்த ஆப்ஷனோடு பிரிக்கும்போது உயிரோடு இருக்கும் கோப்புறையின் மேல் பிரிக்காதீர்கள். நன்றாக வேலை செய்கிறது, ஆனால் புதன்கிழமை மூட்டை கெட்டால் வியாழன் மூட்டையால் மட்டும் ஒன்றும் ஆகாது.

குறைகள் என்றால் எனக்கு டார் மேல் மூன்று கோபம் உண்டு. சி, எஃப் எழுதிவிட்டு மூட்டையின் பெயரைக் கொடுக்க மறந்தால், வரிசையில் முதலில் நிற்கும் உங்கள் கோப்பையே மூட்டை என்று எடுத்துக்கொண்டு அதன் மேலேயே எழுதிவிடும், ஒரு வார்த்தை கேட்காது. முன்னால் சிறு கோடு (-) போட்டு சி, எஃப், இசட் என்ற வரிசையில் எழுதினால் எஃப்புக்குப் பின்னால் வரும் இசட்டைக் கோப்பின் பெயர் என்று நினைத்து இசட் என்ற பெயரில் ஒரு மூட்டை செய்து வைக்கும், எஃப் எப்போதும் கடைசியில் வர வேண்டும். மூன்றாவதுதான் பெரியது. ஜிஜிப்பில் அமுக்கிய மூட்டையின் நடுவில் ஒரு சிறு இடம் கெட்டாலும் அதற்குப் பின்னால் இருக்கும் அத்தனையும் போய்விட்டதாகவே வைத்துக்கொள்ள வேண்டும். அமுக்காத மூட்டையாக இருந்தால் கெட்ட கோப்பைத் தாண்டி அடுத்த தலைப்பிலிருந்து தொடரலாம். இதற்காக ஒவ்வொரு மூட்டைக்கும் ஷா256 கூட்டுத்தொகை எழுதி வைக்கிறேன், பார்2 என்ற நிரல் கொண்டு ஐந்து சதவீத மீட்புக் கோப்பும் செய்கிறேன்.

ஆர்சிங்க் வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். ஆர்சிங்க் கோப்புறையை மாறியதை மட்டும் பார்த்து நகலெடுக்கும் அருமையான கருவி, 1996-இலிருந்து இருக்கிறது, லிங்க்-டெஸ்ட் போட்டால் மாறாத கோப்புக்கு இடமே எடுக்காமல் நாளுக்கொரு பிரதி வைக்கலாம். ஆனால் போய்ச்சேரும் டிஸ்க் லினக்ஸ் வகையாக இருக்க வேண்டும், டெலீட் ஆப்ஷனோடு ஒரு சாய்கோட்டை மாற்றிப் போட்டால் அழிவு நிச்சயம். போர்க் என்ற பேக்கப் கருவி இதைவிட ஒரு படி மேல். ஒரே மாதிரி துண்டுகளை ஒருமுறைதான் சேமிக்கும், பூட்டியும் வைக்கும். 200, 300 ஜிபி வேலைக் கோப்புகள் உள்ளவர்கள் தினசரி பேக்கப்புக்கு டாரை விட்டுவிட்டு போர்க்குக்கே போங்கள், நான் தயங்காமல் சொல்வேன். சிஸ்டத்துக்கு மட்டும் நான் டாரிலேயே இருக்கிறேன், ஏனென்றால் டிஸ்க் செத்த காலையில் கையில் கிடைக்கும் எந்தப் பழைய பென்டிரைவிலும் டார் இருக்கும், போர்க் இருக்கும் என்று சொல்ல முடியாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை நடந்தது இதுதான். பத்தரைக்குக் கடை திறந்ததும் புது எஸ்எஸ்டி வாங்கி வந்தேன். ஒவ்வொரு மூட்டையோடும் பழைய பார்ட்டிஷன் அட்டவணையையும் ஒவ்வொரு பார்ட்டிஷனின் அடையாளமான யூயூஐடி எண்களையும் ஒரு சின்னக் கோப்பில் எழுதி வைப்பது வழக்கம், அதை வைத்து அதே அளவில் பார்ட்டிஷன் போட்டு, ஃபார்மேட் செய்யும்போது அதே பழைய யூயூஐடியையே கொடுத்தேன். இதைச் செய்தால் எந்தப் பார்ட்டிஷனை எங்கே மாட்டுவது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பைத் தொடவே வேண்டாம், இல்லாவிட்டால் பழைய எண்ணைத் தேடி சிஸ்டம் பாதியில் நின்றுவிடும். சிஸ்டம் மூட்டை பிரிய ஐந்து நிமிடம். அப்புறம் க்ரூட் செய்து (பிரித்த சிஸ்டத்தையே வேராக வைத்து) உள்ளே போய், பூட் செய்யும் நிரலான க்ரப்பைத் திரும்ப நிறுவினேன், விட்டுப்போன இஎஃப்ஐ கோப்புகள் அதிலேயே வந்துவிட்டன. முதல் தடவை பூட் ஆகவில்லை, டெவ்வையும் சிஸ்ஸையும் அதற்குள் பைண்ட் செய்து மாட்டாமல் க்ரூட் போயிருந்தேன், திரும்பச் செய்ததும் சரியாகிவிட்டது. ஞாயிறு மூட்டை, அதன் மேல் திங்கள் இரவு மூட்டை. பன்னிரண்டே முக்காலுக்கு லாகின் திரை வந்தது, டம்ப்பிலிருந்து பில் கணக்கை ஏற்றி முடிக்க ஒன்றரை. பக்க வடிவமைப்பு நிரலான ஸ்க்ரைபஸில் நூலைத் திறந்து 287-ஆம் பக்கத்தில் திங்கள் ராத்திரி நான் திருத்திய அடிக்குறிப்பு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். இருந்தது. நாலரைக்கு அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

இப்போது இரண்டாவது பிரதியை வீட்டுக்கு வெளியே வைக்கத் தொடங்கியிருக்கிறேன். டாருக்கு மூட்டையைப் பூட்டத் தெரியாது, ஆனால் அதன் வாயிலிருந்து வருவதை அப்படியே குழாய் வழியாக ஜிபிஜி என்ற கடவுச்சொல் போட்டுப் பூட்டும் நிரலுக்கு ஊட்டிவிடலாம், அதனால் பூட்டிய மூட்டைதான் டிஸ்கில் இறங்குகிறது. மாதம் ஒருமுறை அந்த டிஸ்க் அக்கா வீட்டு பீரோவுக்குப் போய் பழையது திரும்பி வருகிறது. கடவுச்சொல்லைக் கம்ப்யூட்டரில் வைத்தால் பிரயோஜனமில்லை என்பதால் ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களும் ரேஷன் கார்டும் இருக்கிற அம்மாவின் பையில் வைத்திருக்கிறேன். அதே தாளின் பின்பக்கத்தில், நான் ஊரில் இல்லாவிட்டாலும் தம்பி பார்த்து அடிக்கிற மாதிரி, பிரிக்கும் கட்டளையை நியூமெரிக்-ஓனர் உட்பட ஒவ்வொரு எழுத்தாகப் பெரிதாக எழுதியிருக்கிறேன்.